தச்சிகாவா புகட்டும் பாடம்

அந்நியப் படைக்கு இடங்கொடுக்கும் தேசம் நிலத்தை மட்டுந்தான் கொடுக்கிறதென்று எண்ணுவது பிழை. சில சமயம் தன் நியாயஸ்தலத்தின் சுயேச்சையையும் சேர்த்தே பறிகொடுக்க நேரிடுகிறது. டோக்கியோ நகருக்கு மேற்கேயிருந்த தச்சிகாவா ராணுவ விமானத் தளத்தின் சரித்திரமே இதற்குச் சாட்சி.

1922-ம் வருஷத்தில் ஜப்பானிய ராணுவம் அத்தளத்தை நிறுவியது. 1945-ல் ஜப்பான் சரணடைந்ததும் அது அமெரிக்கர் வசமாயிற்று. 1952-ல் ஜப்பான் மீண்டும் சுதந்திரம் பெற்றது. ஆயினும் அதே தினத்தில் அமலுக்கு வந்த பாதுகாப்பு உடன்படிக்கையின்படி அமெரிக்கப் படைகள் அங்கேயே தங்கின.

1955-ல் ஓடுபாதையை நீட்டுவதற்காக அண்டையிலுள்ள சுனகாவா ஊரின் விளைநிலங்களைக் கேட்டனர். குடியானவர்கள் மறுத்தனர். தங்கள் நிலத்தில் முளையடித்தாலும் நெஞ்சில் முளையடிக்க முடியாதென்று முழங்கினர். தொழிலாளரும் மாணவரும் துணை நின்றனர். 1956 அக்டோபர் 13-ந் தேதி போலீசாரின் தடியடியில் நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். மறுநாளே சர்க்கார் நில அளவையை நிறுத்தியது.

1957 ஜூலையில் மீண்டும் அளவை நடந்தபோது, சிலர் வேலியைக் கடந்து தளத்துக்குள் சில அடி தூரம் நுழைந்தனர். எழுவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1959 மார்ச் 30-ந் தேதி டோக்கியோ ஜில்லாக் கோர்ட்டு நீதிபதி தாதே அகியோ அவர்களை விடுதலை செய்தார். யுத்த பலம் வைத்திருப்பதை அரசியல் சட்டத்தின் 9-வது ஷரத்து தடுப்பதால், அமெரிக்கப் படை அங்கிருப்பதே சட்டவிரோதமென்பது அவர் தீர்ப்பு.

அவ்வருஷம் டிசம்பர் 16-ந் தேதி, பிரதம நீதிபதி தனாகா கோத்தாரோவின் தலைமையில் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்துச் செய்தது. அந்நியப் படை ஜப்பானின் யுத்த பலமாகாது என்றும், உடன்படிக்கை பெரிதும் ராஜீய விஷயமாகையால் வெளிப்படையாகச் சட்டத்துக்கு முரணாயிருந்தாலன்றிக் கோர்ட்டு தலையிடலாகாது என்றும் அது கூறியது. இக்கொள்கையைப் பற்றி வக்கீல்கள் இருபக்கமும் வாதிக்கலாம். ஆனால் 2008 முதல் வெளியான அமெரிக்க தஸ்தாவேஜிகள் கூறுவது வேறு. ஜில்லாக் கோர்ட்டுத் தீர்ப்பின் மறுநாளே அமெரிக்க ஸ்தானிகர் இரண்டாம் டக்ளஸ் மக்கார்தர் ஜப்பானிய வெளிநாட்டு மந்திரியைச் சந்தித்து, நேரே சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் செய்யுமாறு தூண்டினார். வழக்கு விசாரணையிலிருக்கையில் பிரதம நீதிபதியே அமெரிக்க ஸ்தானிகரிடமும் அவர் அதிகாரியிடமும் அதுபற்றித் தனியே பேசினார். ஒருமித்த தீர்ப்பையே தாம் விரும்புவதாகவும் தெரிவித்தார். ஒரு முன்சீப் கோர்ட்டில் இவ்வாறு நடந்தாலும் அத்தீர்ப்பு நிற்குமா?

குடியானவர்களோ அசையவில்லை. 1968 டிசம்பரில் அமெரிக்கர் விஸ்தரிப்பைக் கைவிட்டனர். 1977-ல் தளம் முழுவதையும் ஒப்படைத்தனர். அதில் ஒரு பாகம் 1983-ல் பொதுப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. மற்றொரு பாகம் ஜப்பானின் தற்காப்புப் படை வசமாயிற்று. புது ஆதாரங்களைக் காட்டிப் பழைய பிரதிவாதிகள் கோரிய மறுவிசாரணையை மட்டும் சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் மறுத்துவிட்டது.

நிலம் திரும்பிற்று, நியாயஸ்தலத்தின்மீது படிந்த மாசு நீங்கவில்லை. வல்லரசின் நட்பை நாடும் ஒவ்வொரு தேசத்தின் ஜனங்களும், எத்தனை ஏக்கர் கொடுக்கிறோமென்று கேட்பதோடு நில்லாமல், நமது நீதிபதிகள் யாருடன் கலந்து பேசுகிறார்கள் என்றும் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.