மாயாவியின் கை, உங்கள் பேனா!

ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரும்புக்கை மாயாவியை வரையும் பார்ட்டியா நீங்க? அப்போ இது உங்களுக்குத்தான்!

சிவகாசி முத்து காமிக்ஸ் 1972-ல் தமிழுக்குக் கொண்டுவந்த ஹீரோ இவர். பிறந்தது 1962-ல், இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில். மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைவார். இரும்புக்கை மட்டும் தெரியும். வரைகிறவருக்கு இதுதான் சவால். கோபம், பயம், அவசரம்... முகமே இல்லாமல் எல்லாத்தையும் ஐந்து விரலிலேயே காட்டணுமே!

அதற்கு ஒரு ஈஸி பயிற்சி. திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கி.மீ. டீ ஆற்றும் கை, பூ கட்டும் கை, கற்பூரம் ஏற்றும் கை... நோட்டோடு நடங்க, கைகளை மட்டும் வரைங்க. அப்புறம் மாயாவிக்கு வாங்க. வித்தியாசம் தெரியும்!

படத்தை ஃப்ரெண்ட்ஸுக்குக் காட்டும் முன் ஒரு விஷயம். மாயாவியை முதலில் வரைந்தவர் ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அந்தக் கால பிரிட்டிஷ் வார காமிக்ஸில் ஓவியர் பெயரைப் போடுவது வழக்கமில்லை. அதனால் உங்க கையெழுத்துக்குக் கீழே, 'பிளாஸ்கோவைப் பார்த்து வரைந்தது'ன்னு ஒரு வரி எழுதுங்க. ஹீரோ மறையலாம். வரைந்தவர் மறையலாமா?