கண்ணில் படும், வலையில் சிக்காது: குட்டை விராலைப் பிடிப்பது எப்படி?

கேள்வி: ‘‘எங்கள் வயலோரம் 10 சென்ட்டில் பண்ணைக்குட்டை இருக்கிறது. புரட்டாசியில் கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகள் 400 விட்டோம். பங்குனியில் வலை இழுத்தபோது 70கூடத் தேறவில்லை. நாலைந்து பெரிய விரால் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. மூன்று முறை வலை போட்டும் ஒன்றுகூட மாட்டவில்லை. மோட்டார் கொட்டகையிலிருந்து ஒயர் இழுத்து, தண்ணீரில் கரண்ட் விட்டுப் பிடித்துவிடலாம் என்று வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?’’

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவாரூர் மாவட்டம்.

பதில்: வழி உண்டு. வாசகியின் பயமும் நியாயமானது. தண்ணீரில் கரண்ட் விடுவது மீன்பிடிப்பு அல்ல, உயிரோடு விளையாடுவது. ஈரக்கரையில் வெறுங்காலோடு நிற்பவரின் உடல் வழியாகவும் மின்சாரம் மண்ணுக்கு இறங்கும். கொட்டகையில் ஒருவர் ஸ்விட்சைப் பிடித்திருப்பார். மிதக்கும் மீனை அள்ள இன்னொருவர் இறங்குவார். ‘நிறுத்தியாச்சா?’ என்று கேட்டதும், ‘ஆச்சு’ என்று சொன்னதும் காதில் மாறி விழுந்தால் ஒரு குடும்பமே தெருவுக்கு வந்துவிடும். மிச்சமிருக்கும் கெண்டைகளும் சேர்ந்து சாகும். பூச்சிமருந்தை ஊற்றுவதும் இதைப் போன்றதே. அந்தத் தண்ணீரை மாடும் குடிக்கும். செத்த மீனை மனிதரும் தின்பார்கள். இந்தப் பகுதியை வீட்டில் இருவருக்கும் படித்துக் காட்டலாம்.

வலை ஏன் ஏமாறுகிறது?

விரால் மற்ற மீன்களைப் போல் செவுளை மட்டும் நம்பி வாழ்வதில்லை. தலைக்குள் காற்றைச் சுவாசிக்கும் அறை இருப்பதால், அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். நாலைந்து விரால் இருப்பது வாசகியின் கண்ணுக்குத் தெரிந்தது இதனால்தான்.

கரையில் காலடி வைத்தால் அந்த அதிர்வு அதற்குத் தெரியும். தண்ணீரில் நிழல் விழுந்தாலும் தெரியும். வலை வந்தால் மேலே தாவிக் குதிக்கும். இல்லையென்றால் சேற்றில் தலையை நுழைத்து, ஈயக்கயிறு தன் மேலே போகும்வரை கிடக்கும். ஒருமுறை தப்பிய விரால் பல நாள் மிரண்டே இருக்கும். அடுத்தடுத்து மூன்று முறை வலை போட்டது, அதை மேலும் உஷாராக்கியிருக்கும். எனவே 10 நாளாவது குட்டைப் பக்கம் சந்தடி இல்லாமல் விட்டுவிட வேண்டும்.

தூண்டிலே நல்லது

கெண்டை இருக்கும் குட்டையில் விராலை மட்டும் பிரித்தெடுக்க, உயிர்மீன் கோத்த தூண்டிலே ஏற்றது. கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் உயிர்மீனைத் துரத்தித் தின்பவை அல்ல, விரால் விடாது.

முதல் இரண்டு நாள் தூண்டிலைத் தொடாமல் இடம் பார்க்க வேண்டும். விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் கரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து, எங்கே ‘ப்ளக்’ என்று காற்று வாங்குகிறது என்று கவனிக்கலாம். பெரும்பாலும் கரைப்புல் சாய்ந்த இடம், அல்லி, ஆகாயத்தாமரை ஓரம், தண்ணீர் வரும் குழாய்வாய் ஆகிய இடங்களில்தான் இருக்கும்.

அந்த இடங்களில் உறுதியான மூங்கில் குச்சியைக் கரையில் ஆழமாக ஊன்றி, தடித்த நைலான் கயிறு கட்ட வேண்டும். விராலின் பல் கூர்மையானது. மெல்லிய நரம்பு அறுந்துபோகும். வாய்க்காலில் கிடைக்கும் பொடிமீனை முதுகில் கோத்து, தண்ணீரின் மேல்மட்டத்திலேயே நீந்தும்படி விட வேண்டும். ஜிலேபிக் குஞ்சைக் கோக்கக் கூடாது. கழன்று விழுந்தால் குட்டை முழுக்கப் பெருகிவிடும். தவளையும் வேண்டாம். வயலில் பூச்சி பிடிக்கும் கூலியில்லா ஆள் அது.

மாலையில் சத்தமில்லாமல் ஊன்றிவிட்டு வந்து, விடிந்ததும் பார்த்தால் போதும். கையில் பிடித்து நிற்பவர், சூரியன் எதிரே இருக்குமாறு நின்றால் நிழல் தண்ணீரில் விழாது. இரையைக் கவ்வியதும் வெடுக்கென்று இழுக்காமல், மீன் திரும்பி நகர ஆரம்பித்தபின் இழுக்க வேண்டும்.

மிச்சத்துக்குக் கோடை

எல்லாமே தூண்டிலில் வராது. சித்திரை, வைகாசியில் கெண்டைகளை எடுத்தபின், குட்டைத் தண்ணீரை வயலுக்கோ தென்னைக்கோ இறைத்து ஓரடிக்குக் குறைத்தால் விராலுக்கு இடம் சுருங்கும். செடிகொடிகளை அகற்றிவிட்டு, மேல்கயிற்றைத் தண்ணீருக்கு மேல் இரண்டடி தூக்கிப் பிடித்து, ஈயக்கயிற்றைச் சேற்றோடு அழுத்தி வலை இழுக்க வேண்டும். ஊத்தா வைத்திருப்பவர்கள் இருந்தால் இன்னும் சுலபம். சேற்றில் கைவிட்டுத் தேடும்போது கவனம் தேவை: தேளி மீனின் முள் குத்தினால் கடுமையாக வலிக்கும்.

தண்ணீர் முழுவதும் வற்றினாலும் ஈரச்சேற்றுக்குள் விரால் பல நாள் உயிரோடு கிடக்கும். தரை பாளம் பாளமாக வெடிக்கும்வரை காய விடுவதே முழுத் தீர்வு. காயவைக்க முடியாத குட்டை என்றால் இலுப்பைப் புண்ணாக்கு இருக்கிறது. ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு 250 கிராம் கணக்கு. 10 சென்ட் குட்டையில் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் 100 கிலோ. ஓரடியாகக் குறைத்தால் 30 கிலோ போதும். இதில் கெண்டை உள்பட எல்லா மீனும் சாகும். எனவே குஞ்சு விடுவதற்கு முன்புதான் போட வேண்டும். போட்டபின் 3 வாரம் பொறுக்க வேண்டும். மீன்வளத் துறை அலுவலரைக் கேட்டுச் செய்வது நல்லது.

திரும்ப வராமல் இருக்க

காணாமல்போன 330 குஞ்சையும் நாலைந்து விராலே தின்றிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. மிகச் சின்னக் குஞ்சாக விட்டிருக்கலாம், நீர்க்காகம் கொத்தியிருக்கலாம், கார்த்திகை மழையில் கரை வழிந்து வெளியேறியிருக்கலாம். அடுத்த முறை விரல் நீளத்துக்குக் குறையாத குஞ்சுகளை எண்ணி வாங்கி விட வேண்டும்.

விரால் மழை நேரத்தில் ஈரத்தரையில் நெளிந்து நெளிந்தே வயலிலிருந்து குட்டைக்கு வந்துவிடும். தண்ணீர் வரும் குழாயில் சன்னக் கண்ணி வலையும், கரையைச் சுற்றி அடியை மண்ணில் புதைத்த வலைவேலியும் மழைக்கு முன்பே தேவை. மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் ஒன்று தண்ணீர்மேல் புரள்வது தெரிந்தால், அது விரால் குஞ்சு. கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். கொசுவலையால் குஞ்சுகளை அள்ளித் தனித் தொட்டியில் வளர்க்கலாம்.

பிடித்த விராலைச் சாகவிட வேண்டாம். உயிர்விராலுக்குச் சந்தையில் கெண்டையைவிடக் கூடுதல் விலை உண்டு. அகன்ற பாத்திரத்தில் அரையளவு தண்ணீர் விட்டு, மேலே வலை கட்டி வைக்க வேண்டும். காற்று வாங்க இடமில்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடினால், தண்ணீரிலேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். இந்த நாலைந்து விராலை உயிரோடு விற்று வரும் பணம், குழாய்க்கும் கரைக்கும் வலை வாங்க உதவும்.