மெகாபிக்சல் பேய் பிடிச்சவங்களுக்கு

மக்களே, போன வாரம் தங்கச்சி பையனுக்கு ஒரு பழைய நிக்கான் டி40 வாங்கிக் குடுத்தேன். வீட்டுக்கு வந்த நண்பர் ஒருத்தர், "வெறும் 6 மெகாபிக்சலா? என் போன்லயே 50 இருக்கே"ன்னு சிரிச்சிட்டுப் போயிட்டார். பையன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

கணக்கு போட்டுப் பாருங்க சாமி. படம் 3008க்கு 2000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளின்னு வச்சாலும் 10 அங்குல அகலத்துக்கு பிரிண்ட் வரும். நம்மில் எத்தனை பேர் அதைவிடப் பெரிசா போட்டிருக்கோம்?

2006இல் வந்த இந்த டி40, பிளாஷ் அடிக்கும்போது 1/500 நொடி வரைக்கும் ஓடும். வெயில்ல ஓடியாடுற குழந்தையை, முகத்து நிழலைப் போக்கி, அசையாம பிடிக்கலாம். 2007இல் 10 மெகாபிக்சலோட வந்த டி40எக்ஸ்ல அது 1/200 ஆயிடுச்சு. எண்ணிக்கை ஏறிச்சு, வசதி இறங்கிச்சு. இதை எந்த விளம்பரமாவது சொல்லுமா?

குறையே இல்லைன்னு சொல்ல வரலை. உள்ளே போகஸ் மோட்டார் கிடையாது. பழைய 50 எம்எம் எஃப்1.8டி லென்சைக் கையாலதான் திருகணும். போகஸ் புள்ளியும் மூணே மூணு. அதனால என்ன? திருகிப் பழகட்டும், கத்துக்கத்தானே வாங்கினது!

நேத்து அவன் எடுத்த பாட்டி படத்தை பிரிண்ட் போட்டு கூடத்துல மாட்டியாச்சு. பாட்டி இதுவரைக்கும் எத்தனை மெகாபிக்சல்னு கேக்கலை.