செய்தி சுமக்கும் அயலார்

2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்து ஓடியதை மேல்விஷாரம், ஆற்காடு பகுதி மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். இத்தகைய வேளையில் மின்சாரம் தடைப்பட்டால் கைப்பேசிக் கோபுரங்களும் ஊமையாகிவிடும். 2015 டிசம்பரில் சென்னை மக்கள் இதை அனுபவித்தார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, அன்றைய போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் என்னும் அமெச்சூர் வானொலியாளர், தம் கருவியின் வழியே செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினார். அத்தகைய நிலையம் நடத்தத் தேர்வெழுதி உரிமம் பெறவேண்டும். சிறு செய்திகளுக்கோ எளிய வழி ஒன்று இன்று உண்டு.

அதன் பெயர் மெஷ்டாஸ்டிக். உள்ளங்கையளவேயான ஒரு வானொலிக் கருவியைப் புளூடூத் வழியாகக் கைப்பேசியோடு இணைக்கிறோம். சிம் அட்டையோ இணையமோ வேண்டாம். நாம் எழுதும் செய்தியை அடுத்த கருவி வாங்கி, அதற்கடுத்ததற்குத் தருகிறது. வழக்கமாக மூன்று முறை இவ்வாறு கைமாறும். பூட்டிய செய்தியைத் திறவாமலே சுமந்து செல்கிறது என்பதே இதன் சிறப்பு. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில், விதித்த ஆற்றல் வரம்புக்குள், தனி உரிமம் தேவையில்லை.

சில எச்சரிக்கைகள்: ஆன்டெனாவைப் பொருத்தாமல் கருவியை இயக்கலாகாது, பழுதாகும். கருவியோடு வரும் பொதுச் சாவி உலகறிந்தது. அதை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு செய்தியில் சுமார் 200 பைட்டுகளே அடங்கும். தமிழெழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட்டும் அதற்கு மேலும் கொள்வதால், தந்தியைப்போல் சுருக்கி எழுதுதல் நலம்.

இவ்வலைகள் தடையற்ற உயரத்தை நாடுபவை. வீட்டு அலமாரியில் வைத்த கருவி அடுத்த தெருவையும் எட்டாமற் போகலாம். ஆலயக் கோபுரத்தில் ஒன்று, பள்ளிவாசல் மினாராவில் ஒன்று, தோல் பதனிடும் ஆலையின் மாடியில் ஒன்று என, சூரிய மின்தகட்டோடு அமைத்தால் ஊர் முழுதும் பயன்பெறும். ஆனால் அதற்கு அயலாரோடு முன்னரே பேசிப் பழகியிருக்க வேண்டும். தனியொரு குடும்பம் வாங்கிய ஒரே கருவிக்குப் பேசத் துணையில்லை.

ஆகவே பங்கு இளைஞர்கள் முதலில் மூன்று கருவிகளோடு தொடங்கட்டும். மாதம் ஒருமுறை செய்தி அனுப்பிச் சோதிக்கட்டும். முதியோர் தனித்து வாழும் இல்லங்களைக் குறித்துக்கொள்ளட்டும். வெள்ளம் வந்தபின் கற்பதற்கு நேரம் இராது.