முதுகில் ஒரு மூட்டை

முதுகிற் பெரும் பையைச் சுமந்துகொண்டு ஊரூராய்த் திரியும் மேனாட்டு இளைஞரை நேயர்கள் கண்டிருப்பீர்கள். 1960களிலும் 70களிலும் இவ்வாறு இலண்டனிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தானம் வழியாகத் தரைமார்க்கமாகவே இந்தியா வந்தோர் அநேகர். ஈரானியப் புரட்சியும் ஆப்கானியப் போரும் 1979இல் அவ்வழியை அடைத்துவிட்டன.

நம்மவர்க்கு வாய்த்த வழி வேறு. 1914இல் ஆரம்பமான தலைமன்னார் - தனுஷ்கோடிக் கப்பல், 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேசுவரத்துக்கு ஓடி, 1980களில் யுத்தத்தோடு நின்றுபோயிற்று. அதன்பின் அக்கடலைப் படகிற் கடந்தோர் பெரும்பாலும் உயிர்பிழைக்கச் சென்றவர்களே. 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்குமிடையே கப்பல் வந்து, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடலாயிற்று. அக்கப்பலிலேதான் நாமும் நண்பர் மூவரும் புறப்பட்டோம். முரசுமோட்டையிற் சோறுண்டு வளர்ந்த நால்வருக்கும் வேடிக்கைக்காகக் கடல் கடப்பது அதுவே முதன்முறை.

இலேசான முதுகுப்பை போதுமென்று தீர்மானித்திருந்தோம். ஒருவர் மட்டும் இணங்கினாரில்லை; பெட்டியொன்றைக் கையிலே தூக்கி வந்தார். நாமும் காரணம் கேட்கவில்லை. 2009இன் தொடக்கத்தில், முதுகில் மூட்டையும் தோளிற் பிள்ளையுமாக இதே முல்லைத்தீவு வீதியால் நடந்தவர் அவர்.

கடற்பயணம் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். கரையிறங்கியதும் காதில் விழுந்தது தமிழ். அந்நிய நாடென்ற எண்ணமே மறைந்தது. அதை நினைவூட்டியவர்கள் கும்பகோணத்து விடுதிக்காரர்கள். வெளிநாட்டார் தங்கினால் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் அரசாங்கத்துக்கு அறிவித்தல் வேண்டுமென்பது அந்நாட்டு விதி. அத்தொல்லைக்கு அஞ்சும் சிறு விடுதிகள் கதவைச் சாத்திவிடுகின்றன. “வாங்க, வாங்க” என்று வரவேற்ற ஒருவர், கடவுச்சீட்டைக் கண்டதும், “ஃபாரின் ஆளுங்கன்னா வேண்டாங்க” என்றார். நாலாவது விடுதியில் இடங் கிடைத்தபோது இரவு பதினொரு மணி. ஆனால் மாமல்லபுரத்து அனுமதிச்சீட்டுக் கூடத்திலோ, மற்றை வெளிநாட்டார்க்கு 600 ரூபாவும் சார்க் நாட்டவரான நமக்கு இந்தியருக்குரிய 40 ரூபாவுமே அறவிட்டனர். தமிழ் பேசியும் விடுதியில் அந்நியர். இங்கே சீட்டுக் கிழிப்பவர் கணக்கில் உள்ளூரார்!

நண்பர்களோடு போவதில் உள்ள சங்கடத்தையும் சொல்லத்தான் வேண்டும். பதினைந்து ஆண்டு அறிந்த நண்பரின் குறட்டையை ஒரே அறையிற் படுத்தபோதுதான் அறிந்தோம். ஆளுக்குச் சமமாகப் பணமிட்டுப் பொதுப்பை ஒன்று வைத்தோம், அதுவே வினையாயிற்று. 1010இல் இராசராசன் கட்டிமுடித்த தஞ்சைப் பெருங்கோயிலின் விமானத்தைப் பார்த்து நாம் நிற்க, சேலைக்கடை பூட்டிவிடுமென்று இன்னொருவர் அவசரப்பட்டார். அவர் குடித்த மூன்றாவது கோப்பிக்குப் பொதுப்பணமா சொந்தப்பணமா என்ற விவாதம் முற்றி, தஞ்சாவூரிலிருந்து சிதம்பரம்வரை இருவர் பேசாமலே வந்தனர். (இருவரும் கணித ஆசிரியர்கள்.)

மாணவர்கள் போவதாயின், விசாவை முன்கூட்டியே பெறுக. ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்குமாதலாற் கப்பலை நம்பி நாட்குறிக்க வேண்டாம். பொதுப்பணத்துக்கு ஒரு கணக்குக் கொப்பியும் கொண்டு செல்க.

நாவலர் 1864இல் வித்தியாசாலை நிறுவிய சிதம்பரத்தில் இறங்கினோம். பஸ் நிலையத்து நெரிசலில் நண்பரின் பெட்டி கைபிடி அறுந்து வீழ்ந்தது. பேசாதிருந்த இருவரும் இருபுறமும் பிடித்து அதைத் தூக்கினர். எதிரே பைக்கடைகள் வரிசையாக இருந்தன. புதியதொரு முதுகுப்பை வாங்குவோமென்று எவரும் சொல்லவில்லை. மிகுந்த நாலு நாளும் அப்பெட்டியை மாறி மாறிச் சுமந்தோம். கயிறு வாங்கிய பணத்தைப் பொதுக்கணக்கில் எழுதினோம்.