உறுமலுக்கு மருந்து எர்த்தை வெட்டுவதா?

திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமங்களில் திருவிழா மெல்லிசை மேடை எப்படி இருக்கும் என்று அங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறுத்த வயல் ஓரமாக நாலு பீப்பாய், மேலே பலகை, ஒரு பந்தல். மின்சாரம் எங்கிருந்தோ நீண்டு வரும் ஒரு வயரில் வரும். வயர் முனையில் பிளக் இருந்தால் அதிசயம். முனையைச் சீவி, சாக்கெட் ஓட்டையில் விட்டு, தீக்குச்சியைச் சொருகி இறுக்கியிருப்பார்கள். அதுவும் இரண்டு ஓட்டைக்குத்தான் வயர். மேலே இருக்கிற பெரிய ஓட்டை சும்மா கிடக்கும். சாமிக்கு முன்னால் என்பதால் வாசிக்கிறவர் காலில் செருப்பு இருக்காது. பலகை பனியில் நனைந்திருக்கும். கையில் எலெக்ட்ரிக் கிட்டார், உதட்டுக்கு முன்னால் மைக்.

அந்தப் பெரிய ஓட்டையைப் பற்றித்தான் இந்தச் சண்டை.

கிட்டார் வைத்திருக்கிற பையன்களுக்கு இப்போது வால்வு ஆம்ப்ளிஃபயர் மோகம். பழசு ஒன்று கிடைத்தால் திறந்து நோண்டுவது, பாகத்தை மாற்றுவது, 'மாடிஃபை' பண்ணிவிட்டேன் என்று சொல்லிக்கொள்வது. நோண்டுவதில் தப்பே இல்லை. முதல் மார்ஷல் ஆம்ப்பே அப்படி வந்ததுதான். 1962-ல் லண்டனில் ஜிம் மார்ஷல் கடை ஆட்கள் ஃபெண்டர் பாஸ்மேனைப் பார்த்து, தங்களுக்குக் கிடைத்த பாகங்களைப் போட்டுச் செய்தார்கள். நம் பக்கம் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இரட்டைக் கம்பிகளை ஒற்றையாக்கி, ஐந்தாவது கம்பி ஒன்றையும் சேர்த்து, எலெக்ட்ரிக் மாண்டலினைக் கர்நாடக சங்கீதத்துக்கு வளைத்துக்கொண்டார். அவர் கை வைத்தது சங்கீதம் கேட்டதால்.

ஆனால் நம் பையன்கள் முதலில் செய்கிற 'மாடிஃபிகேஷன்' என்ன? ஆம்ப் உர்ர்ர் என்று உறுமுகிறது. யாரோ ஒரு அண்ணன் சொல்கிறார்: "எர்த்தை எடுத்துடு தம்பி, சத்தம் போயிடும்." பச்சை வயரை வெட்டுகிறார்கள். சத்தம் போய்விடுகிறது. அண்ணன் மேதையாகிவிடுகிறார். பிரேக்கைக் கழற்றிய பிறகு வண்டி லேசாக ஓடுகிறது என்று மெச்சுகிற கதை.

ஏன் என்று பார்ப்போம். எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள், பிரிட்ஜ் வழியாக, கேபிளின் வெளிவலை வழியாக, ஆம்ப்பின் இரும்புச் சட்டத்தோடு இணைந்திருக்கின்றன. கம்பியைத் தொடுவதும் சட்டத்தைத் தொடுவதும் ஒன்றுதான். அந்தச் சட்டத்தைப் பூமியோடு கட்டி வைத்திருப்பது பச்சை வயர். அதை வெட்டிய பிறகு டிரான்ஸ்ஃபார்மர் உள்ளே இன்சுலேஷன் போய்விட்டால் சட்டத்தில் 230 வோல்ட், கம்பியிலும் 230 வோல்ட். எதிரே இருக்கிற மைக் வேறொரு மிக்ஸர் வழியாகப் பூமியைத் தொட்டுக்கொண்டிருக்கும். உதடு மைக்கில் பட்டால் வழி பூர்த்தியாகிவிடும். வழியில் இருப்பது மனுஷன்.

பழைய அமெரிக்க வால்வு ஆம்ப்புகளில் இன்னொரு வில்லங்கம் உண்டு. இரண்டு பின் காலத்தில் சத்தத்தைக் குறைக்க மின் வயருக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர் வைத்தார்கள். பழுது பார்ப்பவர்கள் அதற்கு வைத்த பெயரே மரண கெப்பாசிட்டர். 0.047 மைக்ரோஃபாரட் என்றால் நம் 230 வோல்ட்டில் சுமார் 3.4 மில்லி ஆம்பியர் கசியும், சுருக்கென்று தெரியும். அது ஷார்ட் ஆனால் முழு மின்சாரம். அந்த மாதிரி ஆம்ப்பில் செய்ய வேண்டிய முதல் மாற்றம், அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மூன்று பின் வயர் போடுவது. டோன் எல்லாம் அப்புறம்.

"நாப்பது வருசமா மைக் செட் போடுறோம், யாரு செத்தா?" என்பார்கள். மைக் செட்டுக்காரர் மைக்கைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவார். கிட்டார்காரரோ மணிக்கணக்கில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நிற்கிறார். செத்தவர்களும் இருக்கிறார்கள். ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, 1972 மே மாதம் வேல்ஸில் ஸ்வான்சி நகரத்து மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் 1976-ல் சொந்த வீட்டில், எர்த் சரியில்லாத கிட்டாரோடு. இரண்டு பேருக்கும் பலகையில் பனிகூட இருந்திருக்காது.

சரி, உறுமலை என்ன செய்வது? வெட்டும் முன் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆறாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட் ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். உறுமல் கிட்டத்தட்ட அந்த ஸ்ருதியில் இருந்தால் அது 100 ஹெர்ட்ஸ். பெரும்பாலும் ஆம்ப்புக்குள் இருக்கிற வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் கிழடாகிவிட்டன, மாற்ற வேண்டும். (ஸ்விட்சை அணைத்த பிறகும் அவற்றில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை.) ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் அது 50 ஹெர்ட்ஸ். கிட்டார் பக்கம் திரும்பத் திரும்ப சத்தம் கூடிக் குறைந்தால் ஒற்றைச் சுருள் பிக்கப் வாங்குகிற சத்தம். பிக்கப் குழிக்குள் செப்புத் தகடு ஒட்டினால் கொஞ்சம் அடங்கும், முழுக்கப் போக ஹம்பக்கர்தான் வேண்டும். மிக்ஸரோடு இணைத்த பிறகுதான் வருகிறது என்றால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வருகிறது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போட வேண்டும். அப்போதும் போகாவிட்டால் சிக்னல் கேபிளின் நடுவே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். எங்கே வெட்டினாலும் சிக்னல் பக்கம் வெட்டலாம், மின்சாரப் பக்கம் கூடாது.

இதில் வேடிக்கை, எர்த்துக்குக் கடைமடையைப் போல வசதியான பூமி கிடைப்பது கஷ்டம். பாறை பூமியில் குழி தோண்டி உப்பும் கரியும் கொட்டி அலைகிறார்கள். இங்கே ஈரக் களிமண். உப்புக் காற்றில் பைப் துருப்பிடிக்கும் என்பதால் வருஷா வருஷம் பார்த்துக்கொண்டால் போதும். தண்ணி மோட்டார் ஷாக் அடித்தால் அன்றைக்கே வைண்டிங் பட்டறைக்குத் தூக்கிப் போகிற ஊர் இது. கிட்டார் ஷாக் அடித்தால் மட்டும் "லேசாத்தான் இருக்கு" என்று சிரிக்கிறது.

30 மில்லி ஆம்பியர் கசிவில் விழுந்துவிடுகிற ஆர்சிசிபி ஒன்றை மேடைப் பெட்டியிலேயே மாட்டி வைக்கலாம். எதிரொலி பெடலுக்குக் காசு சேர்க்கிறவர்களுக்கு அது பெரிய தொகை இல்லை. அதுவும் இல்லையென்றால் பாட்டு தொடங்கும் முன் ஒரு டெஸ்டரைக் கிட்டார் கம்பியிலும் மைக் வலையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்தால் மேடையை விட்டு இறங்கிவிட வேண்டும், விழாக் கமிட்டி எவ்வளவு கத்தினாலும்.