அழிந்துபோகும் குரல்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சமுதாய வானொலிகளைப் பற்றிய தங்கள் கட்டுரை காலத்துக்கு ஏற்றது. அகில இந்திய வானொலியின் செய்தியை மறு ஒலிபரப்பு செய்யலாம், அவை தாமாகச் செய்தி தயாரிக்கக் கூடாது என்ற தடையைச் சரியாகவே கண்டித்திருக்கிறீர்கள். ஆனால் பதிவுகளைப் பாதுகாப்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

கடலோரச் சமுதாய வானொலி ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக நிகழ்ச்சி தயாரிக்கிறேன். ஒருநாள் மாலை, வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் காற்றின் பெயர்களைக் கேட்டேன். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று தொடங்கியவர், எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும் என்று நாற்பது நிமிடம் பேசினார். இரைச்சல் விழாமலிருக்க அவருடைய துண்டையே மைக்கில் சுற்றியிருந்தேன். ஒலிபரப்பானது பன்னிரண்டு நிமிடம்தான். கணினியில் இடமில்லை என்று பின்னர் முழுப் பதிவையும் அழித்துவிட்டார்கள். ஒலிபரப்பான நிகழ்ச்சியை மூன்று மாதம் வைத்திருந்தால் போதும் என்பதுதான் 2006ஆம் ஆண்டு விதி. ஒலிபரப்பாகாத மிச்சத்துக்கு அதுவும் இல்லை.

சென்ற ஆண்டு அவர் காலமானார். தாத்தாவின் குரல் வேண்டும் என்று பேரன் பென் டிரைவோடு வந்து நின்றான். கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

மாவட்ட மைய நூலகங்களில் ஒலிப்பதிவுகளுக்கென ஒரு பிரிவு தொடங்கி, வானொலிகளின் முழுப் பதிவுகளையும் பெற்று வைக்க நூலகத் துறை முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராமநாதபுரம் மாவட்டம்